தென்னையில் வெள்ளை ஈ இனங்களின் போட்டி: பொள்ளாச்சிப் பகுதியின் வரலாறு

கோயம்புத்தூர் மாவட்டத்தின் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரங்களிலும் அவற்றை ஒட்டிய உடுமலைப்பேட்டைப் பகுதியிலும் உள்ள தென்னந்தோப்புகளில், 2016-ஆம் ஆண்டு முதல் பல அயல்நாட்டு வெள்ளை ஈ இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குடியேறின. இவை அனைத்தும் வாழுமிடம் ஒன்றே: தென்னை ஓலையின் அடிப்பக்கம். உண்பதும் ஒன்றே: ஓலையின் சாறு. ஒரே பயிரை, அதிலும் ஒரே உறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் பூச்சிகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டில் கண்ணெதிரே கிடைக்கும் எடுத்துக்காட்டு இது. ஓர் இனம் குறைந்து இன்னோர் இனம் பெருகியதற்கு அவற்றின் வலிமை மட்டும் காரணமன்று. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு குளவியும், தோப்புக்காரர் கையில் இருந்த மருந்துத் தெளிப்பானும் அதில் பங்கு வகித்தன.

வெள்ளை ஈ என்னும் பூச்சி

வெள்ளை ஈ பெயரளவில்தான் ஈ. வீட்டு ஈக்கு ஒரு சோடி இறக்கை; இதற்கு இரண்டு சோடி. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவற்றின் உறவான சாறு உறிஞ்சும் பூச்சி இது. உடலிலும் இறக்கையிலும் வெள்ளை மெழுகுத் தூள் படிந்திருப்பதால் இப்பெயர் பெற்றது.

இதன் வாழ்க்கையில் போட்டியைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி ஒன்று உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி சிறிது தூரம் ஊர்ந்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே வாயுறுப்பை ஓலைக்குள் செலுத்தி உறிஞ்சத் தொடங்கியபின், இறக்கை முளைத்து வெளியேறும்வரை அவ்விடத்தை விட்டு நகர்வதில்லை. புழுவானால் ஓர் இலை போனால் இன்னோர் இலைக்குப் போகும். வெள்ளை ஈயின் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஓலையின் அடிப்பக்கத்தில் யார் முதலில் இடம் பிடிக்கிறார்கள், யார் மெழுகால் மூடி வைக்கிறார்கள் என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிடுகிறது.

உறிஞ்சிய சாற்றில் மிகுதியாக உள்ள சர்க்கரையை இப்பூச்சி தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. அது சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள மட்டைகளின் மேற்பரப்பில் விழுந்து, அதில் கரும்பூசணம் படர்கிறது. தோப்புக்குள் நுழைபவர் முதலில் காண்பது பூச்சியை அன்று. கரி பூசியது போன்ற ஓலைகளையே. தென்னைக்குக் கீழே வளரும் வாழை, கோகோ, சாதிக்காய் ஆகியவற்றின் இலைகளும் கறுத்துப்போகும். மரம் இதனால் பட்டுப்போவதில்லை. ஆனால் வெயிலைப் பெற்று உணவு தயாரிக்க வேண்டிய ஓலை கறுத்துக் கிடந்தால் மரம் தளர்கிறது.

தென்னை இப்பகுதிக்குப் பெருகி வந்த வழி

இன்று பொள்ளாச்சி என்றாலே இளநீர் என்று வடமாநிலச் சந்தைகள் வரை பெயர் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் தென்னைப் பரப்பில் முன்னிற்பது கோயம்புத்தூர் மாவட்டம். ஆனால் கொங்கு நாட்டின் பழைய வேளாண்மை அப்படிப்பட்டதன்று. சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி ஆகியவையே புன்செய்க் காடுகளின் பயிர்கள்; கிணற்றுப் பாசனமுள்ள தோட்டங்களில் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளைந்தன. தென்னை, ஆற்றோரங்களிலும் வாய்க்கால் வரப்புகளிலும் நின்ற மரம்.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் 1960-களில் கட்டப்பட்டு வாய்க்கால்களில் நீர் வரத் தொடங்கியபின் நிலைமை மாறியது. அதன்பின் ஆழ்துளைக் கிணறுகளும் சொட்டுநீர்ப் பாசனமும் சேர்ந்தன. விவசாய வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதானதும் ஒரு காரணம். ஆண்டுதோறும் உழுது விதைக்க வேண்டிய பருத்தியைவிட, ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் காய்க்கும் தென்னை குடும்பங்களுக்கு எளிதாகத் தோன்றியது. இவ்வாறு ஆனைமலை அடிவாரத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளம் வரை தென்னை ஏறத்தாழ இடைவிடாத ஒரே பரப்பானது. காற்றில் மிதந்து செல்லும் சிறு பூச்சிக்கு இதைவிட நல்ல பாதை அமையாது.

ஒரே மரத்தில் பல குடித்தனம்

வெள்ளை ஈக்கள் வருவதற்கு முன்பே தென்னையில் பூச்சிகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதவில்லை. காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைக் குடைந்து தின்னும். அதனால்தான் பின்னர் விரியும் மட்டை கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டுகளோடு தெரிகிறது. சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டுக்குள் வாழும். கருந்தலைப் புழு ஓலையின் அடிப்பக்கத்தில் நூலாம்படைக் கூடு கட்டிப் பச்சையத்தைச் சுரண்டும். 1990-களின் இறுதியில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பரவிய ஈரியோபைட் சிலந்தி, குரும்பையின் காம்புத் தொப்பிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஒரு பெரிய வீட்டில் ஆளுக்கொரு அறை என்பது போல இவை மரத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

சில வேளைகளில் ஒன்று மற்றொன்றுக்கு உதவியாகவும் அமைந்தது. காண்டாமிருக வண்டு குடைந்த காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டை ஈர்க்கும். அது அந்தக் காயத்திலேயே முட்டையிடும். எருக்குழியைக் கவனிக்காமல் விட்டால் காண்டாமிருக வண்டு பெருகும், அதன் பின்னால் கூன்வண்டும் வரும் என்று வேளாண்துறையினர் சொல்லிவருவது இதனால்தான். முன்னது மரத்தை அரிதாகவே கொல்லும். பின்னது பெரும்பாலும் கொன்றுவிடும்.

வெள்ளை ஈக்களின் நிலை வேறு. ஒரே அறைக்குள் மூன்று நான்கு குடும்பங்கள் நுழைந்த கதை அது.

முதல் விருந்தாளியும் அதன் பகைவனும்

இவ்வரலாறு உண்மையில் 2016-இல் தொடங்கவில்லை. கரீபியன், மத்திய அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட சுருள் வெள்ளை ஈ 1993-இல் கேரளத்தில் மரவள்ளியில் கண்டறியப்பட்டது. முட்டைகளைச் சுருள் வடிவ மெழுகுக் கோடுகளில் இடுவதால் இந்தப் பெயர். சில ஆண்டுகளிலேயே தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் கொய்யா, மரவள்ளி, பப்பாளி, சாலையோர மரங்கள் எனப் பலவற்றில் அது பரவியது. அலிரோடிகஸ் டிஸ்பெர்சஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

அதன் இயற்கைப் பகைவர்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் எதிர்பாராத இடமொன்றில் விடை கிடைத்தது. இலட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் சுருள் வெள்ளை ஈயின் உடலுக்குள் வளரும் இரண்டு மிகச் சிறிய குளவிகள் 1990-களின் இறுதியில் காணப்பட்டன. யாரும் அவற்றை வாங்கி வந்து விட்டதாகத் தெரியவில்லை. வெள்ளை ஈ வந்த வழியிலேயே அவையும் வந்து சேர்ந்திருந்தன. பெங்களூரில் இருந்த உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககத்தைச் சேர்ந்தவர்கள் அவற்றை நிலப்பகுதிக்குக் கொண்டுவந்து பரப்பினர். அவற்றுள் ஒன்று என்கார்சியா குவாடலூப்பே. கரீபியன் கடலிலுள்ள குவாடலூப் தீவின் பெயர் கொண்ட இக்குளவி ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது.

இக்குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடுகிறது. குளவிப் புழு உள்ளே இருந்தபடியே அதைத் தின்று வளர்கிறது. குளவி புகுந்த கூட்டுப்பருவம் கறுத்துவிடும். உள்ளிருந்து வெளிவருவது யார் என்பதை ஓட்டைப் பார்த்தே சொல்லலாம். வெள்ளை ஈ வெளியேறினால் ஓட்டில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் பிளவு இருக்கும். குளவி வெளியேறினால் வட்டமான துளை இருக்கும். பள்ளி ஆய்வகத்தில் உள்ள சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியே இதைக் காணப் போதும். மாணவர்கள் ஒரு கொய்யா இலையை எடுத்துப் பார்த்தாலே இரு வகை ஓடுகளையும் காணும் வாய்ப்புண்டு.

குளவி பரவியபின் சுருள் வெள்ளை ஈயின் கொடுமை தணிந்தது. பெருந்தொல்லையாக இருந்த பூச்சி, ஆங்காங்கே காணப்படும் பூச்சியாகச் சுருங்கியது. மக்கள் அதை மறந்தார்கள். குளவி மட்டும் கொய்யாவிலும் மரவள்ளியிலும் தன் வேலையைச் செய்துகொண்டு இருந்தது.

2016: ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ

2016-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பொள்ளாச்சித் தோப்புகளில் ஓலைகள் கறுப்பதாகப் புகார்கள் எழுந்தன. அதே காலத்தில் பாலக்காட்டிலும் அவ்வாறே நேர்ந்தது. வந்தது பழைய சுருள் வெள்ளை ஈ அன்று, அதன் நெருங்கிய உறவான ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். அலிரோடிகஸ் ருஜியோபெர்குலேட்டஸ் என்னும் இவ்வினம், மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து 2004-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. 2009-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மயாமி பகுதி மரங்களில் பெருகித் தொல்லை கொடுத்தது. இந்தியாவில் இதன் முதல் பதிவுகள் பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்தைச் சார்ந்தவை.

மற்ற வெள்ளை ஈக்களைவிட இது பெரியது. ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். இறக்கையில் ஒழுங்கற்ற வெளிர்பழுப்புப் பட்டைகள் உண்டு. சோம்பலாக நகரும். தென்னை இதற்கு மிகவும் பிடித்த உணவு. வாழை, கொய்யா, சப்போட்டா முதலியவற்றிலும் வாழும்.

வந்த காலமும் அதற்குச் சாதகமாக அமைந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. பலத்த மழை ஓலையின் அடிப்பக்கத்து மெழுகையும் குஞ்சுகளையும் அடித்துச் செல்லும். மேற்பக்கத்துக் கரும்பூசணத்தையும் கழுவும். மழை இல்லாத தோப்பில் இவ்விரண்டும் நடக்கவில்லை. நீரின்றி வாடிய மரங்களின்மேல் பூச்சி பெருகியது. இரண்டு கேடுகளில் எது எவ்வளவு காய்ப்பைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில், தோப்புக்காரர்கள் பழி முழுவதையும் வெள்ளை ஈயின்மீது போட்டனர். அது இயல்பே. மழையை யாரும் மருந்தடித்து வரவழைக்க முடியாது. பூச்சிக்காவது மருந்து உண்டு.

இங்கேதான் மறக்கப்பட்ட குளவி மீண்டும் வருகிறது. பழைய சுருள் வெள்ளை ஈயின் பகைவனான என்கார்சியா குவாடலூப்பே, புதிய விருந்தாளியின் குஞ்சுகளிலும் முட்டையிடத் தொடங்கியது. யாரும் அதைத் தோப்புகளில் கொண்டுவந்து விடுவதற்கு முன்பே, கொய்யாவிலிருந்தும் பிற செடிகளிலிருந்தும் அது தென்னைக்கு வந்து சேர்ந்தது. மருந்து தெளிக்காத தோப்புகளில் சில பருவங்களிலேயே வெள்ளை ஈக் குஞ்சுகளில் பாதிக்கும் மேற்பட்டவை குளவிக்கு இரையாகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமும் காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னது இதுதான்: பூச்சிக்கொல்லி தெளிக்காதீர்கள், குளவியைக் காப்பாற்றுங்கள். குளவி நிறைந்த ஓலைத் துண்டுகளை வெட்டிப் புதிய தோப்புகளின் மட்டைகளில் கட்டிவிடும் முறையும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறியும், விசைத்தெளிப்பானால் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பதும், லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசையைத் தெளித்துக் கரும்பூசணத்தை உரித்தெடுப்பதும் பரிந்துரைக்கப்பட்டன.

கரும்பூசணத்தைத் தின்னும் ஒரு வண்டும் இக்காலத்தில் கேரளத் தோப்புகளில் கவனத்துக்கு வந்தது. லியோக்ரைனஸ் நீல்கிரியானஸ் என்பது அதன் பெயர். பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. வெளிநாட்டுப் பூச்சி போட்ட அழுக்கை உள்ளூர் வண்டு துடைத்தது என்று சொல்லலாம்.

கூடு கட்டும் வெள்ளை ஈக்கள்

ரூகோஸ் வெள்ளை ஈ தணிந்துவந்த வேளையில், 2018–19 காலத்தில், கேரளத் தென்னைகளில் இன்னும் இரண்டு புதிய இனங்கள் பதிவாயின. ஒன்று போண்டார் கூடு கட்டும் வெள்ளை ஈ; மற்றொன்று அதன் உறவான பாராலிரோடிஸ் மினெய். பிரேசிலில் பணியாற்றிய பூச்சியியலாளர் கிரிகோரியோ போண்டாரின் பெயரால் முதலாவது அழைக்கப்படுகிறது. இரண்டும் ரூகோஸ் வெள்ளை ஈயில் பாதியளவுகூட இல்லாத மிகச் சிறிய பூச்சிகள். ஓலையின் அடியில் பஞ்சு போன்ற மெழுகால் வட்டக் கூடு கட்டி அதன் நடுவில் அமர்ந்துகொள்வதே இவற்றின் தனி அடையாளம். போண்டார் வெள்ளை ஈயின் இறக்கைகளில் பெருக்கல் குறி போன்ற சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். மினெய்யில் அவை இல்லை. பின்னர் தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் இவை பரவின.

ஒரே கீற்றில் ரூகோஸ் வெள்ளை ஈயின் சுருள்களும் இவற்றின் கூடுகளும் அடுத்தடுத்துக் காணப்பட்டன. சில தோப்புகளில் முன்னது குறைய, பின்னவை மேலோங்கின. விவசாயிகளின் கண்ணுக்கு எல்லாமே ‘வெள்ளை ஈ’தான். பூச்சி போகவில்லை, குளவி வேலை செய்யவில்லை என்று பலர் சலித்துக்கொண்டனர். உண்மையில் குளவி தன் வேலையைச் செய்திருந்தது. ஓலையில் இருந்தது வேறு பூச்சி. என்கார்சியா குவாடலூப்பே கூடு கட்டும் வெள்ளை ஈக்களைக் குறிப்பிடத்தக்க அளவில் தாக்குவதில்லை.

போட்டி என்பது எவ்வாறு நிகழ்கிறது

ஒரே தேவையுள்ள இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் நெடுங்காலம் சேர்ந்து வாழ முடியாது. ஒன்று மற்றொன்றை வெளியேற்றிவிடும் என்னும் கருத்து, ரஷ்ய உயிரியலாளர் காஸ் 1934-இல் வெளியிட்ட நூலால் புகழ்பெற்றது. அவர் கண்ணாடிக் குழாய்களில் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியின் இரு இனங்களைச் சேர்த்து வளர்த்தார். தனித்தனியே செழித்த அவை, சேர்த்து வளர்த்தபோது ஒன்று மட்டுமே எஞ்சியது.

செடிகளைத் தின்னும் பூச்சிகளுக்கு இது பொருந்துமா என்பதில் பின்னர் நெடிய விவாதம் நடந்தது. உலகம் பச்சையாகத்தானே இருக்கிறது, இலைக்கு என்ன பஞ்சம், பூச்சிகளை அடக்கி வைப்பவை அவற்றின் பகைவர்களே என்று 1960-இல் மூன்று அமெரிக்க அறிஞர்கள் வாதிட்டனர். அதன்பின் பல ஆண்டுகள், பூச்சிகளுக்கிடையே போட்டி பெரிதன்று என்ற எண்ணமே ஓங்கி நின்றது. 1995-இல் டென்னோ, மெக்லூர், ஓட் ஆகிய மூவர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஒரே செடியைப் பகிரும் 193 பூச்சி இணைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கில் போட்டிக்குச் சான்று இருந்தது. சாறு உறிஞ்சும் பூச்சிகளிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. அயலிலிருந்து வந்த இனங்கள் மற்றவற்றை இடம்பெயர்த்த நிகழ்வுகளும் அவற்றுள் பல.

அம்மூவருள் ஒருவரான மெக்லூர், கனெக்டிகட் மாநிலத்தில் ஹெம்லாக் மரங்களில் வாழும் இரண்டு செதில் பூச்சிகளை ஆராய்ந்தவர். இரண்டும் ஜப்பானிலிருந்து வந்தவை. முன்னதாகப் பொரிக்கும் இனம் சத்து நிறைந்த இளம் ஊசியிலைகளைப் பிடித்துக்கொண்டது. தாமதமாக வந்த மற்றொன்று மிச்சம் இருந்த இலைகளில் ஒதுங்கி நலிந்தது. வெள்ளை ஈயைப் போலவே செதில் பூச்சியும் அமர்ந்த இடத்தை விட்டு நகராதது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இது நேரடிப் போட்டி. இதற்கு நேர்மாறான இன்னொரு வகையும் உண்டு. 1977-இல் ராபர்ட் ஹோல்ட் என்னும் சூழலியலாளர் அதை ‘தோற்றப் போட்டி’ என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். இரண்டு இனங்கள் உணவுக்காகச் சண்டையிடவே வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான பகைவன் ஒருவன் இருந்தால் போதும். ஓர் இனம் பெருகினால் பகைவன் பெருகுவான். பெருகிய பகைவன் மற்ற இனத்தையும் அழிப்பான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரு இனங்களும் போட்டியிட்டது போலத் தோன்றும்.

பொள்ளாச்சியில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. 1993-இல் வந்த வெள்ளை ஈ, தன்னோடு வந்த குளவியின் வழியாக 2016-இல் வந்த வெள்ளை ஈயை அடக்க உதவியது. இரண்டும் ஒரே ஓலையில் சந்தித்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஒன்று கொய்யாவில் இருந்தாலும் போதும். கூடு கட்டும் வெள்ளை ஈக்களோ அந்தக் குளவியின் கைக்கு அகப்படாதவை. எனவே ரூகோஸ் வெள்ளை ஈக்கு மட்டும் ஒரு பகைவன் இருக்க, அதே ஓலையில் உள்ள போட்டியாளருக்கு அப்பகைவன் இல்லை. காலியாகும் இடமெல்லாம் போட்டியாளருக்குப் போய்ச் சேரும். வலியவர் வென்றார் என்பதைவிட, துரத்துவார் இல்லாதவர் வென்றார் என்பதே பொருத்தம்.

பருத்திக் காட்டில் நடந்தது

கொங்கு நாட்டுக்கு இத்தகைய மாற்றங்கள் புதியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோயம்புத்தூர்ப் பகுதியில் பரவியபோது தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுக்களும் கூடவே பெருகின. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ், பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அழிக்க உழவர்கள் கடமைப்பட்டனர். காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. பருத்திக்கு 2002-இல் மைய அரசு ஒப்புதல் அளித்தது. காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது; ஆனால் பின்வந்த ஆண்டுகளில் மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, நாவாய்ப்பூச்சி முதலிய சாறு உறிஞ்சிகள் தலைதூக்கின.

மருந்து குறைந்ததுதான் காரணம் என்பது எளிய விளக்கம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2013-இல் இன்னொரு காரணத்தையும் காட்டினர். புழு கடித்த பருத்திச் செடி தற்காப்புக்காக டெர்பினாய்டு என்னும் கசப்புப் பொருள்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவை அசுவினிக்கும் ஒவ்வாதவை. பி.டி. செடியைப் புழு கடிப்பதில்லை. அதனால் கசப்பும் ஏறுவதில்லை. அசுவினி சுகமாகப் பெருகுகிறது. புழுவும் அசுவினியும் ஒன்றையொன்று தொடாமலே, செடியின் சாறு வழியாக மோதிக்கொண்டிருந்தன. புழுவை அகற்றியவர்கள் அசுவினியின் போட்டியாளரையும் சேர்த்தே அகற்றியிருந்தனர்.

2008-இல் கோயம்புத்தூரில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எனப் பலவற்றையும் அது சூறையாடியது. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போரும் மரவள்ளி உழவர்களும் நிலைகுலைந்தனர். உள்ளூரில் அதற்குத் தகுந்த பகைவன் இல்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபாகஸ் பப்பாயே என்னும் குளவி வரவழைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டது. மாவுப்பூச்சி அதற்குப் பின் அடங்கியது. ஒரு பூச்சி, ஒரு குளவி என்ற நேர்கோட்டுக் கணக்கு அங்கே பலித்தது. தென்னையில் அக்கணக்கு பலிக்காததற்குக் காரணம், காலியான இடத்தில் வந்து அமர வேறு இனங்கள் காத்திருந்ததே.

மருந்தடித்தலின் விளைவு

வெள்ளை ஈ தாக்கிய தோப்பில் நச்சு மருந்து தெளித்தால் முதல் சில நாட்களுக்குப் பலன் தெரியும். இறக்கை முளைத்த பூச்சிகள் விழுந்து கிடக்கும். மெழுகால் மூடிய முட்டைகளும் குஞ்சுகளும் பெரும்பாலும் தப்பிவிடும். குளவிக்கு மெழுகுக் கவசம் இல்லை. அது முதலில் சாகும். சில வாரங்களில் வெள்ளை ஈ திரும்பவும் பெருகும்போது அதை எதிர்க்க ஆளிருக்காது. ஐம்பது அறுபதடி உயர மரங்களில் மருந்து அடிப்பதற்கு ஆகும் கூலியும், இளநீரை அப்படியே குடிப்பவர்களின் உடல்நலமும் தனியே எண்ணத்தக்கவை.

குளவியைக் காக்கும் தோப்பில் ரூகோஸ் வெள்ளை ஈ தணியும். ஆனால் அங்கே கூடு கட்டும் வெள்ளை ஈ தலைதூக்கக்கூடும். மருந்தடிக்கும் தோப்பில் இரண்டுமே இருக்கும், குளவி இருக்காது. இவ்விரண்டில் முதலாவதே மேல் என்பதில் ஐயமில்லை. கூடு கட்டும் இனங்களைக் குறைக்க இப்போதைக்குத் துணையாக இருப்பவை பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் பொறிவண்டுகளும். இவையும் மருந்துக்குத் தப்புவதில்லை. வெள்ளை ஈக்களில் நோயை உண்டாக்கும் ஐசாரியா என்னும் பூஞ்சையைத் தெளிக்கும் முறையும் உருவாக்கப்பட்டுள்ளது. காற்றில் ஈரம் உள்ள காலத்தில் பூஞ்சை நன்கு வேலை செய்யும். கொங்கு நாட்டுக் கோடையில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க இயலாது.

தோப்புக்காரர் முதலில் செய்ய வேண்டியது எந்த இனம் என்று பார்த்தறிவது. சுருள் வடிவ மெழுகா, வட்டப் பஞ்சுக் கூடா என்று கீற்றைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். சுருள்களுக்கிடையே கறுத்த கூட்டுப்பருவங்களும் வட்டத் துளைகளும் மிகுந்திருந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அத்தோப்பில் மருந்துக்கு வேலை இல்லை. நாற்றுப் பண்ணைகளிலிருந்து தென்னம்பிள்ளை வாங்கும்போதும் இதே சோதனை தேவை. அயல் வெள்ளை ஈக்கள் மாநிலம் விட்டு மாநிலம் தாவியதில் காற்றுக்குப் பங்கு உண்டு. லாரியில் ஏற்றிச் சென்ற செடிகளுக்கு அதைவிடப் பெரிய பங்கு.

ஐந்தாவது இனம்

2019-இல் கருநாடகத்தின் மண்டியா பகுதித் தென்னைகளில் அலிரோட்ராக்கெலஸ் அட்ராட்டஸ் என்னும் பனைவகை வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டிலும் அது பதிவாகியுள்ளது. சுருள் வெள்ளை ஈ, ரூகோஸ், போண்டார், மினெய் ஆகியவற்றோடு சேர்த்துத் தென்னிந்தியத் தென்னையில் காணப்படும் ஐந்தாவது அயல் வெள்ளை ஈ இது. இதன் கூட்டுப்பருவம் கரிய நிறத்தில், ஓரத்தில் வெள்ளை மெழுகுக் குஞ்சத்தோடு இருக்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கறுத்த கூட்டுப்பருவத்தைக் கண்டால் குளவி புகுந்தது என்று எண்ணிப் பழகியவர்கள், இயல்பிலேயே கறுப்பாக உள்ள இவ்வினத்தைக் கண்டு ஏமாறக்கூடும். ஓரத்தில் வெண்ணிற மெழுகு விளிம்பு உண்டா என்று பார்ப்பது இவற்றைப் பிரித்தறியும் வழி.

இந்தியப் பெருங்கடலின் கொமோரோஸ் தீவுகளில் இவ்வினம் தென்னைகளைக் கடுமையாகத் தாக்கியபோது, ரீயூனியன் தீவிலிருந்து எரெட்மோசெரஸ் கோகோயிஸ் என்னும் குளவி கொண்டுவரப்பட்டது. பொள்ளாச்சித் தோப்புகளில் பணிபுரியும் என்கார்சியாவிலிருந்து அது வேறுபட்டது.